ஈரல் புற்றுநோய்க்குக் கிருமி ஊசியாம், விசாரிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

ஈசூன்_செல்வி:
அப்பாவுக்கு 71. கப்பல் பட்டறையில் வெல்டரா இருந்தவர். ஹெபடைடிஸ் பி ரொம்ப வருஷமா உண்டு, மாத்திரையைப் பாதியில் விட்டுட்டார் (அந்தப் பேச்சை எடுத்தா வீட்டில் சண்டைதான்). மார்ச்சில் ஸ்கேன் எடுத்தா ஈரலில் கட்டி. ரத்தக்குழாய்க்குள்ளேயும் போயிருக்கு, அறுவை சிகிச்சை முடியாதுன்னுட்டாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை அட்டிஸோலிஸுமாப், பெவசிஸுமாப் ரெண்டும் டிரிப்ஸில் ஏறுது.

இப்போ ஜொகூர் அத்தை ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க. கிருமியை (வைரஸ்) கட்டிக்குள்ள ஊசியில் விட்டா புற்றணுவை மட்டும் தின்னுமாம், ஆயுள் ரெண்டு மடங்காகுமாம். வெளிநாட்டு கிளினிக் ஒண்ணு, முன்பணமே 30,000 வெள்ளி. தம்பி காரை வித்துடலாம்ங்கிறான். டாக்டர்கிட்ட கேட்டேன், "உங்கப்பாவுக்கு அது சரிவராது"ன்னு ஒரே வரி. ஏன்? கொவிட் சமயத்தில் கிருமிக்குப் பயந்து அப்பாவை மார்க்கெட் பக்கமே விடாம வச்சிருந்தவ நான். இப்ப நானே காசு கொடுத்து ஏத்தணுமா?

தேக்கா_குமார்:
கீழாநெல்லி அரைச்சு மோரில் கொடுங்க. ஈரலுக்கு அதைவிட மருந்து இல்லை.

பழைய_தாதி:
குமார் தம்பி, இது மஞ்சக்காமாலை இல்லை. செல்வி, டாக்டர்கிட்ட சொல்லாம ஒரு இலையும் கொடுக்காதீங்க.

வீடியோ முழுப் பொய்யா இருந்தா பரவாயில்லை, பாதி உண்மை. அதுதான் தொல்லை. அந்த "ரெண்டு மடங்கு" பெக்ஸா-வெக்ங்கிற கிருமி ஊசி ஆய்விலிருந்து வந்ததுன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அம்மை குத்துவாங்களே, அதே வேக்சினியா கிருமி. அதில் ஒரு மரபணுவை எடுத்துட்டதால் வேகமாப் பெருகுற புற்றணுவில்தான் அது நல்லா வளரும். அந்தப் புற்றணு வெடிச்சுச் சிதறினதும் எதிர்ப்பு அணுக்கள் வரணும்னு இன்னொரு மரபணுவையும் செருகியிருந்தாங்க. 2013ல் முடிவு வந்தது. மொத்தமே 30 பேர். கம்மி அளவு போட்டவங்கள்ல பாதிப் பேர் 6.7 மாசத்துக்கு மேல உயிரோட இருந்தாங்க, கூடுதல் அளவுக்கு அது 14.1. வார்டில் நாங்களே வாய் பிளந்தோம்.

அப்புறம் 459 பேரை வச்சு நடத்தினாங்க. பாதிப் பேருக்கு ஈரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மாத்திரை மட்டும், மீதிப் பேருக்குக் கிருமி ஊசி, பிறகு அதே மாத்திரை. பலன் தெரியலைன்னு 2019 ஆகஸ்டில் நிறுத்திட்டாங்க. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு 14.0 மாசம், கிருமியும் சேர்த்துப் போட்டவங்களுக்கு 12.7. அத்தை வீடியோவில் இது வந்ததா?

அப்பாவுக்கு இப்ப ஏறுற ஜோடி மருந்து 501 பேர்கிட்ட பார்த்தது. 19.2 மாசம், சொராஃபெனிபுக்கு 13.4. அதை நடுவில் விட்டுட்டு விமானம் ஏறாதீங்க. இன்னொண்ணு, முறையான ஆய்வுன்னா சோதனை மருந்துக்குப் பொதுவா நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க. முன்பணம் கேக்குறப்பவே உஷாராகணும்.

பாத்தோக்_ரவி:
அக்கா, ஒரேயடியா கதவைச் சாத்தாதீங்க. ஹெர்ப்பிஸ் கிருமியை மாத்திச் செஞ்ச ஊசிக்கு, தோலில் வர்ற மெலனோமா புற்றுநோய்க்குன்னு அமெரிக்கா 2015லேயே அனுமதி கொடுத்துச்சு. 436 பேரில் பார்த்தாங்க. கட்டி சுருங்கி, ஆறு மாசத்துக்கு மேல அப்படியே இருந்தது நூத்துக்கு 16 பேருக்கு, ஒப்பிட்ட மருந்தில் 2 பேருக்குத்தான். ஜப்பானும் 2021ல் மூளைக்கட்டிக்கு ஒண்ணை நிபந்தனையோட அனுமதிச்சிருக்கு.

பழைய_தாதி:
சாத்தலை ரவி. மெலனோமா கட்டி தோல்ல கைக்கு எட்டும், குத்தலாம். ஜப்பான் ஆய்வில் எத்தனை பேர்னு பாருங்க, 19. செல்வி கேக்குறது ஈரல்.

ஈசூன்_செல்வி:
ரொம்ப நன்றிக்கா. ராத்திரி கஞ்சி குடிக்கிறப்போ அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மை குத்துன கிருமின்னதும் இடது தோளைத் திருப்பிக் காட்டுறார். பத்துக்காசு அளவு தழும்பு, நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் சுருக்கம். இத்தனை வருஷம் அதை வெல்டிங் பொறி பட்டதுன்னுதான் நினைச்சிருந்தேன்.

"இதையா 30,000 வெள்ளிக்கு விக்கிறான்? எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஓசியில் குத்தினாங்க."

தம்பி கார் பேச்சை விட்டுட்டான். செவ்வாய்க்கிழமை அடுத்த டிரிப்ஸ். இங்கேயே சேரக்கூடிய ஆய்வு ஏதாவது இருக்கா, எத்தனை பேர், எதோட ஒப்பிடுறாங்கன்னு டாக்டர்கிட்ட கேக்க சீட்டில் எழுதி வச்சிருக்கேன். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன், நேத்து இன்னும் மூணு வீடியோ அனுப்பியிருக்காங்க.