மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு காலை ஓட்டம்: எங்கே தப்பு?

அடையாறு_ஓட்டம்:
வயசு 41, சென்னை. மூன்று வருஷம் கழிச்சு மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கேன். தினமும் காலை 5 மணி, பழைய பழக்கத்தில் நேரா 5 கி.மீ. இரண்டாவது வாரமே கெண்டைக்காலுக்கு முன்னாடி, எலும்பின் உள்விளிம்பு நெடுக வலி. வெயில் வரும் முன்னே ஓடினாலும் மூச்சு முட்டுது. ஷூ பழசுதான், ஆனா தேயலை. என்ன மாத்தணும்?

கெண்டைக்கால்:
தினமும் ஓடுறதுதான் முதல் தப்பு. நெஞ்சும் நுரையீரலும் சில வாரத்தில் தேறிடும். எலும்பும் தசைநாரும் சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ஒத்துழைக்குதேன்னு தூரத்தைக் கூட்டும்போது கால்தான் அடி வாங்கும்.

முதல்ல வலி எப்படின்னு பாருங்க. விளிம்பு நெடுகப் பரவலா வலிச்சா பெரும்பாலும் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்', அதாவது சுமை கூடினதால முன்கால் எலும்பு ஓரத்தில் வர்ற வலி. ஒரே இடத்தில் விரல் வெச்சு அழுத்தினா சுருக்குன்னு வலிக்குது, நடக்கும்போதோ படுக்கும்போதோ விடலைன்னா ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. எலும்பில் நுண்விரிசலா இருக்கலாம்.

வேகமா நடந்தா வலி இல்லைங்கிற நிலை வந்ததும், வாரம் மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 5 நிமிஷம் வேக நடை, பிறகு 1 நிமிஷ ஓட்டம், 2 நிமிஷ நடை, இப்படி 8 சுற்று. மறுநாள் காலையில் வலி இல்லைன்னா அடுத்த வாரம் 2 நிமிஷ ஓட்டம், 2 நிமிஷ நடை, 6 சுற்று. வலி இருந்தா அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்க. கி.மீ. கணக்கை இப்போதைக்கு மறந்துடுங்க, நிமிஷம்தான் கணக்கு. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடியணும். ஓடாத நாள்ல படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெதுவா ஏற்றி இறக்குங்க. 12 தடவை, மூணு செட்.

உப்புக்காத்து:
மூச்சு முட்டுறதுக்குக் காரணம் வெயில் இல்லை, புழுக்கம். சென்னையில் விடியற்காலையில்தான் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாம வழிஞ்சு ஓடிடும், உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறும். அதனால ஏப்ரல், மே மாசத்தில் ஜனவரி வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. வாட்ச்சில் வேகத்தைப் பார்க்காம மூச்சைப் பார்த்து ஓடுங்க. அரைமணி ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி போதும். ஒரு மணி நேரம் தாண்டும்போதுதான் உப்புக்கரைசல் பற்றி யோசிக்கணும். தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தா அங்கேயே நின்னு நிழலுக்குப் போங்க.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீங்கன்னா வெறும் வயித்தில் ஓடாதீங்க, டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க.

நாலாவது_தெரு:
ஷூவைப் பற்றி யாரும் சொல்லலையே! தேயாதது கணக்கே இல்லை. பெட்டியில் கிடந்தாலே நடுப்பகுதி நுரை இறுகும். நம்ம ஊர் ஈரத்தில் பசையும் விட்டுப்போகும், பாதி ஓட்டத்தில் சோல் கழன்று வரும். கட்டைவிரலால் நடுச்சோலின் பக்கவாட்டை அழுத்துங்க. அமுங்கலைன்னா அதை மார்க்கெட்டுக்குப் போட்டுக்கலாம். புதுசு வாங்கும்போது சாயங்காலம் போங்க, கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.

பீச் மணல் மெத்துன்னு இருக்குன்னு அதில் ஓடாதீங்க. கால் புதையப் புதைய கெண்டையும் குதிகால் தசைநாரும் கூடுதலா இழுபடும். ரோட்டில் வலப்பக்கமா, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்க. இருட்டில் வெளிர்நிறச் சட்டை. நாய் துரத்தினா ஓடாம நின்னு, கண்ணைப் பார்க்காம, மெதுவா நடந்து கடந்துடுங்க.

அடையாறு_ஓட்டம்:
அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. வலி பரவலாத்தான் இருக்கு. இடைப்பட்ட நாள்ல சைக்கிள் ஓட்டலாமா?

கெண்டைக்கால்:
தாராளமா. சைக்கிளிலோ நீச்சலிலோ எலும்பில் அதிர்ச்சி விழாது. 30 நிமிஷம், பேசிக்கிட்டே ஓட்டுற வேகத்தில். வாரத்தில் ஒருநாளாவது முழு ஓய்வு விடுங்க.