செவிலியர் மாணவர்களின் சார்பில் பேரவைத் தேர்தலில் நிற்கலாமா?

இரண்டாம் ஆண்டு மாணவி:

எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையில் செவிலியர் துறைக்கென்று ஓர் இடம் உண்டு. சென்ற ஆண்டு யாரும் வேட்புமனு கொடுக்காததால் அந்த இடம் ஆண்டு முழுவதும் காலியாகவே இருந்தது. இம்முறை நான் நிற்கலாம் என்று எண்ணுகிறேன். அதற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற மாதம் பணி முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனபோது, என் வகுப்புத் தோழி ஒருத்தி குழாயடியில் நின்று விரலைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஊசி குத்திவிட்டது என்றாள். பொறுப்புச் செவிலியரிடம் சொன்னால் "கவனக்குறைவு" என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிடுவார்களோ என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான்தான் அவளை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

இப்படிப்பட்டவற்றைப் பேச ஓர் இடம் வேண்டும் என்று அன்றே தோன்றிவிட்டது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணி முதல் வார்டில் இருக்கிறேன். பேரவைக் கூட்டங்களோ காலை பதினொரு மணிக்கு நடக்கின்றன. செய்முறை மதிப்பெண் வழங்குபவர்களும் நான் கேள்வி கேட்க வேண்டியவர்களும் ஒருவரே என்பதும் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் பேரவை உறுப்பினர், தற்போது செவிலியர்:

தங்கையே, கட்டாயம் நில்லுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவள். முதல் ஆண்டில் பாதிக் கூட்டங்களுக்கு என்னால் போகவே முடியவில்லை. போகாத கூட்டம் ஒன்றில்தான் நூலகத்தை மாலை ஆறு மணிக்கே மூடுவது என்று முடிவெடுத்தார்கள். பணி முடித்து, பேருந்து பிடித்து வந்து சேரவே ஐந்தரை ஆகிவிடும் எங்களுக்கு அது என்ன பொருள் என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் முதல் கோரிக்கை நேரத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும். வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே தேர்தல் அலுவலரைப் பார்த்து, வாக்குப்பதிவு எத்தனை மணி வரை என்று கேளுங்கள். அது காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை என்றால், அன்று வார்டில் இருக்கும் உங்கள் வாக்காளர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவே முடியாது. மாலை வரை நீட்டிக்கவோ இணையவழி வாக்குக்கு வழி செய்யவோ எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது வாய்ப்பேச்சாகக் கேட்காமல், ஒவ்வோர் ஆண்டு மாணவரும் எந்தெந்த நாள் எத்தனை மணி வரை வெளியே இருக்கிறார்கள் என்பதை ஒரே பக்கத்தில் அட்டவணையாக வரைந்து கொடுங்கள். 1854இல் போர்க்கால மருத்துவமனைக்குச் சென்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே படைவீரர்கள் மிகுதியாக இறந்தனர் என்பதை 1858இல் ஒரு வரைபடமாகத்தான் காட்டினார். எண்களை ஒரே பார்வையில் காட்டும் வழக்கம் நம் தொழிலுக்குப் புதிதல்ல.

கூட்ட நேரத்துக்கும் இதே வழிதான். மாற்ற மறுத்தால், உங்களுக்குப் பதிலாக வேறு பணிமுறையில் இருக்கும் ஒருவர் வந்து வாக்களிக்கப் பேரவை விதிகளில் இடமுண்டா என்று பாருங்கள். நான் இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் சமாளித்தேன்.

இறுதியாண்டு மாணவர்:

மதிப்பெண் பற்றிய அச்சம் நியாயமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் பெயரில் செல்லும் கடிதம் அவரைக் காட்டிக்கொடுக்கும். வகுப்பு முழுவதும் கையொப்பமிட்ட கடிதம் அப்படிச் செய்யாது. எந்த வார்டு, எந்தப் பொறுப்புச் செவிலியர் என்று சுட்டாமல், நடைமுறையில் எது குறைகிறது என்று மட்டும் எழுதுங்கள். கல்லூரி முதல்வரிடம் தேர்தலுக்கு முன்பே நேரில் சென்று, "இன்னின்னவற்றைப் பேசப் போகிறேன்" என்று சொல்லிவிடுவதும் நல்லது.

இன்னொன்று. பிரசாரத்துக்காக வார்டில் சீருடையுடன் படம் எடுக்க வேண்டாம். எங்கள் ஆண்டில் ஒருவர் எடுத்த படத்தில், அவர் தோளுக்குப் பின்னால் கட்டிலில் மாட்டியிருந்த நோயாளியின் பெயர்ப் பலகை தெளிவாகத் தெரிந்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது உலகச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறையிலேயே உள்ள கடமை. அவர் மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, அது எங்கள் எல்லோருக்கும் வருத்தமாகவே இருந்தது.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்:

உங்கள் தோழியை அழைத்துச் சென்றது மிகச் சரியான செயல். உங்கள் தேர்தல் அறிக்கையில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்று இருக்க வேண்டும் என்பேன். நோயுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை செல்லக்கூடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மதிப்பீட்டுத் தாளுக்கு அஞ்சி மூன்று நாள் மறைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும்.

கோரிக்கையை மூன்றாகக் கேளுங்கள். ஊசிக்குத்து நேர்ந்ததைத் தெரிவிப்பவருக்கு மதிப்பெண் குறையாது என்று கல்லூரி எழுத்தில் உறுதி தர வேண்டும். இரவிலும் விடுமுறை நாளிலும் யாரை அழைப்பது என்ற எண் ஒவ்வொரு மாணவரின் அடையாள அட்டைக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமாக 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் போடுகிறார்கள். எனவே வார்டுக்கு அனுப்புவதற்கு முந்திய வாரம் தொடங்கினால் பயனில்லை, சேர்க்கை நாளிலேயே தொடங்க வேண்டும். கடைசித் தவணைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டதா என்று இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இவை எவர்மீதும் குற்றம் சுமத்தாத கோரிக்கைகள் என்பதால் பொறுப்புச் செவிலியர்களே உங்களை ஆதரிப்பார்கள். எங்கள் மருத்துவமனையில் ஆதரித்தார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

அக்கா, அண்ணா, அம்மா, அனைவருக்கும் என் நன்றி. இன்று தேர்தல் அலுவலரைச் சந்தித்தேன். வாக்குப்பதிவு பிற்பகல் இரண்டு மணிக்கே முடிகிறதாம். நீட்டிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் மனு தர வேண்டும் என்றார். நான்கு ஆண்டு மாணவர்களின் பணி அட்டவணைகளையும் வாங்கிவிட்டேன், இன்றிரவே ஒரு பக்கமாக வரைந்துவிடுவேன். கையொப்பத் தாளில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட வேண்டும் என்று என் தோழி கேட்டிருக்கிறாள்.