அணை உடைஞ்சா ஊரு போயிடுமே, மிஸ்? – அனிமேஷன் படம் பார்த்த பிள்ளைகளோடு நமது அனுபவங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். இரவல் ப்ரொஜெக்டர், வெள்ளை வேட்டித் திரை. காடு, ஆறு, கடல், அதிகாரம் என்று எதையாவது சொல்ல வருகிற அனிமேஷன் படங்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. இதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. கெடுதலை எல்லாம் ஒரே வில்லன் தலையில் கட்டி, கடைசியில் அவனை ஓட ஓட விரட்டுகிற படம் அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு மறந்துவிடுகிறது. கெடுதல் செய்கிறவர் பக்கத்திலும் ஒரு நியாயத்தை வைக்கிற படம்தான் அவர்களை விடாமல் தொந்தரவு செய்கிறது. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் நடந்ததை எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

‘ஃப்ரோசன் 2’ (2019) போட்டோம். தமிழ் டப்பிங்தான், பனியை வரவழைக்கும் வித்தை தெரிந்த நாயகி எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல். சின்னப் பெண்கள் பாட்டுக்காகவே வந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கதையைத் தாங்கி நிற்பது ஓர் அணை. எல்சாவின் தாத்தா, காட்டில் வாழும் நார்துல்ட்ரா மக்களுக்கு அன்பளிப்பு என்று சொல்லி ஆற்றின் குறுக்கே அணை கட்டித் தருகிறார். அவர்கள் நிலத்தை நலியவைத்துத் தன் பிடிக்குள் கொண்டுவருவதுதான் உள்நோக்கம். எல்சாவின் தங்கை ஆனாவுக்கு இது தெரியவருகிறது. அணை உடைந்தால் தன் சொந்த ஊரே மூழ்கும் என்று தெரிந்தும் அதை உடைக்க வைக்கிறாள்.

அந்த இடத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தே விட்டான். “அணை உடைஞ்சா ஊரு போயிடுமே, மிஸ்?” அவன் கேட்டு வாய் மூடுவதற்குள் எல்சா தண்ணீராலான ஒரு மாயக் குதிரையில் பாய்ந்து வந்து வெள்ளத்தை நிறுத்திவிடுகிறாள். ஊரில் ஓர் ஓடுகூட நகரவில்லை. ஆட்களையும் முன்பே மேட்டுக்கு அனுப்பியாயிற்று. பையன் உட்கார்ந்தான். “அப்ப ஒண்ணுமே ஆகலையா?” என்றான். படம் எவ்வளவு பெரிய கேள்வியைக் கையில் எடுத்து, எவ்வளவு சுலபமாகக் கீழே போட்டுவிட்டது என்பதை அவன் சரியாகப் பிடித்துவிட்டான்.

பேச்சு நேரத்தில் உண்மைக் கதையைச் சொன்னேன். நார்துல்ட்ரா மக்களைச் சித்திரிக்க, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் சாமி பழங்குடி அமைப்புகளோடு டிஸ்னி ஒப்பந்தம் போட்டது. சாமி மொழியிலும் படம் வந்தது. அந்த மக்களுக்கு அணை கற்பனையே அல்ல. வட நார்வேயின் ஆல்டா ஆற்றில் நீர்மின் திட்டம் வேண்டாம் என்று போராடி, 1979-ல் ஓஸ்லோவில் நாடாளுமன்றத்தின் எதிரே கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அணையைத் தடுக்க முடியவில்லை, 1987-ல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்தப் போராட்டம் கிளப்பிய சூட்டில்தான் 1989-ல் நார்வேயில் சாமிகளுக்கென்று தனி நாடாளுமன்றம் கூடியது. தோற்றும் எதையோ ஜெயித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். படத்தில் இது இருந்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

இதற்கு நேர் எதிர் ‘இளவரசி மோனோநோகே’ (1997). ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படம். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லிச் சொல்லிப் போட்டேன். எபோஷி என்ற பெண், காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஊரை நடத்துகிறாள். அவள் துப்பாக்கிக் குண்டு ஏறிய காட்டுப்பன்றித் தெய்வம் வெறிபிடித்து வந்துதான் கதையே தொடங்குகிறது. சரி, இவள்தான் வில்லி என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு அவள் ஊருக்குள் போகிறோம். விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் மீட்டு வந்த பெண்கள் துருத்தி மிதிக்கிறார்கள், வாய் நிறையச் சிரிக்கிறார்கள். பின்கட்டில் தொழுநோயாளிகள். ஊர் ஒதுக்கிய தங்களின் அழுகிய உடம்பைத் தொட்டுக் கட்டுப் போட்டவள் இவள் ஒருத்திதான் என்று, உடம்பு முழுக்கத் துணி சுற்றிய ஒரு முதியவர் படுத்தபடியே சொல்கிறார். அறையில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு பெண், “இவங்களத் திட்டவும் முடியல மிஸ், விடவும் முடியல” என்றாள். அடுத்தடுத்த வாரங்களிலும் எபோஷியைப் பற்றியே பேச்சு.

நெய்வேலியிலிருந்து ஒருவர்

அக்கா, அந்த மோனோநோகே படத்தை என் மகளோடு வீட்டில் பார்த்தவன் நான். மைன்ஸில் வேலை, பக்கெட் வீல் என்கிற ராட்சத மண்வெட்டும் இயந்திரம் ஓடுகிற பக்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை முழுக்க அள்ளினால்தான் கரி தெரியும். அடியில் இருக்கிற ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டுவிடும்.

இரும்பூர்ப் பெண்கள் துருத்தி மிதிக்கிற காட்சியில் மகள் கேட்டாள், “நீயும் எபோஷிகிட்டதான் வேலை பாக்குறியாப்பா?” ஆமாம் என்றேன். மழுப்பத் தோன்றவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ், அவள் பள்ளி, அவள் சுவாசத் தொந்தரவுக்குப் பார்த்த மருத்துவம், எல்லாமே அந்தக் கரியிலிருந்து வந்ததுதான். என் அப்பாவின் ஊரும் நிலமும் போனதும் அதே கரிக்காகத்தான். இரண்டையும் அவளிடம் சொன்னேன்.

2023 ஜூலையில் எங்கள் சுரங்கத்துக்காக வளையமாதேவி கிராமத்தில் கதிர் முற்றாத நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் அவளும் பார்த்திருந்தாள். “அது மாதிரியா?” என்றாள். அது மாதிரிதான் என்றேன். வழக்கமாகப் படம் முடிந்ததும் தூங்கப் போய்விடுவாள். அன்றைக்குப் பத்தரை மணி வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தாத்தா ஊரில் என்னென்ன மரம் இருந்தது, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரைப் பற்றி அதுவரை என் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ராமநாதபுரம் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஓர் ஆசிரியை

எங்கள் பள்ளியில் ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) போட்டபோது நடந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை. கோமாளி மீன் குஞ்சை முக்குளிப்பவர் பிடித்துப் போக, அப்பா மீன் கடல் தாண்டித் தேடுகிறது. கடலைக் காப்போம், மீனைக் கண்ணாடித் தொட்டியில் அடைக்காதீர் என்ற செய்தியைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் போட்ட படம்.

கடைசிப் பகுதியில் படகு வலையில் மீன்கூட்டம் சிக்குகிறது. எல்லாரும் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்துங்கள் என்று நீமோ சொல்ல, பாரம் தாங்காமல் வலை அறுந்து மீன்கள் தப்புகின்றன. வேறு எந்த ஊரிலும் கைதட்டுகிற இடம் அது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தட்டினார்கள். மீதிப் பேர் “அய்யய்யோ, வலை போச்சே!” என்று கத்தினார்கள். ஒருத்தி தலையில் கையையே வைத்துவிட்டாள். அவள் அம்மா கரையில் உட்கார்ந்து, காற்பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு, பொத்தல் பொத்தலாக வலை கட்டுவதைப் பள்ளிக்கு வரும் வழியில் நான் பார்ப்பேன். ஒரு கிழிசல் என்றால் எத்தனை நாள் உழைப்பு என்று அவளுக்குத் தெரியும்.

மீன் பக்கமா, வலை பக்கமா என்று பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் மூன்றாவதாக ஒன்றைப் போட்டான். “அது லாஞ்சு வலை. நம்ம வத்தைக்காரங்க வலை இல்ல.” விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள தகராறு, குஞ்சு குறுமீனையும் வாரிக்கொண்டு போகிற இரட்டைமடி வலை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை ஏன், எல்லாமே அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வெளியே வந்தது. படத்தில் இதெல்லாம் கிடையாது. அதில் மனிதன் என்றாலே ஒரே ஆள், மீன் பிடிக்கிற ஆள். யாருடைய வலை என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் கரையில் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

டெக்ஸாஸிலிருந்து

டீச்சர் சொன்ன வலைக் கதை, இங்கே ‘தி லோராக்ஸ்’ பட்ட பாட்டை நினைவுபடுத்துகிறது. மரங்களுக்காகப் பேசும் லோராக்ஸ் என்ற பிராணியைப் பற்றி டாக்டர் சூஸ் 1971-ல் எழுதிய சிறுவர் புத்தகம். கலிபோர்னியாவில் லேட்டன்வில் என்று ஓர் ஊர், மரவெட்டுத் தொழிலை நம்பியது. 1989-ல் இந்தப் புத்தகம் எங்களைத் தீயவர்களாகக் காட்டுகிறது, கட்டாய வாசிப்பிலிருந்து எடுங்கள் என்று அங்கே கோரிக்கை எழுந்தது. எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெற்றோரின் மனக்குறையை என்னால் அலட்சியம் செய்ய முடியவில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து ‘நீ கெட்டவனா’ என்று கேட்டால் யாருக்கும் வலிக்கும். நெய்வேலி அண்ணன் அதை எதிர்கொண்ட விதம் எல்லோருக்கும் வாய்க்காது.

2012-ல் அதுவே அனிமேஷன் படமாக வந்தபோது, ஹாலிவுட் பிள்ளைகளுக்கு அரசியல் ஊட்டுகிறது என்று ஃபாக்ஸ் பிசினஸ் தொலைக்காட்சியில் லூ டாப்ஸ் கொந்தளித்தார். என் அலுவலக நண்பர்கள் சிலர் அதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. நான் கூட்டிப் போனேன். ஊட்டப்பட்ட அரசியல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் மரத்தையெல்லாம் வெட்டிய ஒன்ஸ்-லருக்கு முகமே கிடையாது, பச்சைக் கைகள் மட்டும்தான். அது யாராகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். படத்தில் அவருக்கு அழகான இளைஞன் முகம் கொடுத்து, பழியை வாங்கிக்கொள்ள, காற்றை விற்கும் ஓஹேர் என்ற குள்ள முதலாளியைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். அதே லோராக்ஸ் கதாபாத்திரங்களின் காட்டுக்குள் மஸ்டா நிறுவனத்தின் பெட்ரோல் கார் ஓடிவருகிற விளம்பரமும் வந்தது. படம் பார்த்து வந்த என் மகன் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, “மரத்துக்குப் பேசறவரு காருக்கும் பேசறாரா?” என்று கேட்டான். லூ டாப்ஸ் பயந்திருக்க வேண்டியது அந்தக் கேள்விக்கு.

டோக்கியோவிலிருந்து

நம்மவர்கள் அதிகம் இருப்பது கிழக்கே நிஷி-கசாயில். நாங்கள் மேற்கே தாமா நியூ டவுனில் இருக்கிறோம். 1960-களில் டோக்கியோவில் வீடு கிடைக்காமல் மக்கள் திண்டாடியபோது, குன்றுகளை மழித்து எழுப்பிய குடியிருப்பு. 1971-ல் முதல் குடும்பங்கள் வந்தன. இந்தக் குன்றுகளை இழந்த தனுகி என்ற விலங்குகளின் கதைதான் இயக்குநர் தகஹாத்தாவின் ‘போம் போகோ’ (1994). மரநாய் அளவில் இருக்கும், உருமாறும் வித்தை தெரிந்தது என்று ஜப்பானியர் சொல்லும் பிராணி. அவை பேயாக, பூதமாக மாறி மனிதர்களை மிரட்டிப் பார்க்கின்றன, ஊர்வலமே விடுகின்றன. வேடிக்கை பூங்காக்காரன் அது தன் விளம்பரம் என்று பெயர் தட்டிக்கொள்கிறான். எதுவும் பலிக்கவில்லை.

என் பிள்ளைகளை ஆட்டியது கடைசி வித்தை. மிச்சம் இருக்கிற சக்தியை எல்லாம் திரட்டி, அடுக்குமாடிகள் இருந்த இடத்தில் பழைய வயலையும் குன்றையும் சில நிமிடம் மீண்டும் தெரியவைக்கின்றன. பால்கனியில் நிற்கிற மனிதர்கள், செத்துப்போன தங்கள் அம்மா அங்கே நடந்து போவதைப் பார்க்கிறார்கள். பிறகு கலைந்துவிடுகிறது. உருமாறத் தெரிந்த தனுகிகள் கோட் சூட் போட்டு மனிதர்களாக ரயிலேறி வேலைக்குப் போகின்றன. தெரியாதவை மிச்சம் மீதியில் பிழைக்கின்றன.

மகள் கேட்டது இது: “அப்பா, நம்ம பில்டிங்ல யாராவது தனுகியா இருப்பாங்களா?” இருக்கலாம் என்றேன். அவள் பள்ளியில் தனுகி பற்றிக் கட்டுரை எழுதப்போய், இங்கே ஐம்பது வருடமாகக் குடியிருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச ஆரம்பித்தாள். வீடு கிடைத்த நாளில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று பாட்டி சொன்னதையும் கட்டுரையில் சேர்த்திருக்கிறாள். தனுகிக்கும் பாட்டிக்கும் சேர்த்து இரக்கப்படத் தெரிந்துவிட்டது.

மறுபடி நான்

எல்லோருக்கும் நன்றி. மோனோநோகே எந்த வயதுக்கு என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: அம்பு பட்டுக் கை துண்டாவதும் தலை பறப்பதும் வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. பத்து வயதுக்குக் கீழே என்றால் நான் போட மாட்டேன். அந்த வயதுக்கு ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) போடுங்கள். நாற்றம் பிடித்த சேற்றுப் பூதம் ஒன்று குளியல் விடுதிக்கு வரும். அதன் உடம்பில் முள்போல் ஏதோ குத்தி நிற்பதைப் பார்த்து, அங்கே வேலை பார்க்கும் சின்னப் பெண் கயிறு கட்டி இழுக்க, ஒரு சைக்கிள் வெளியே வரும். பின்னாலேயே குப்பை மலையாகக் கொட்டும். கடைசியில்தான் அது பூதமே இல்லை, ஓர் ஆறு என்று தெரியும். மியாசாகி தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போய், உள்ளே புதைந்திருந்த சைக்கிளை நிஜமாகவே இழுத்தெடுத்த அனுபவம் அது.

ராமநாதபுரம் டீச்சர், உங்கள் பிள்ளைகளின் அந்த வாக்குவாதத்தை எங்கள் பிள்ளைகளும் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரச் சொல்ல முடியுமா? நீமோவை நாங்களும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.