ஃபோம் டயர் ஓரம் பிய்ந்து போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். குன்னூரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மண்டபத்தில் கார்பெட் விரித்து 1/12 அளவு ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்ன கார்) ஓட்டுகிறோம். வெளியே மழையும் மூடுபனியுமாக இருந்தால் வேறெங்கே ஓட்டுவது?

பிரச்சினை முன் டயரில். தடத்தைச் சுற்றி வைத்திருக்கும் பலகையில் லேசாக உரசினாலே வெளி ஓரத்தில் ஃபோம் துண்டு துண்டாகப் பிய்ந்து வருகிறது. மேற்பரப்பு தேய்வதில் கவலையில்லை, அது தேயத்தான் செய்யும். டயரில் பாதி மிச்சம் இருக்கும்போதே ஓரம் போவதுதான் வயிற்றெரிச்சல்.

ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கி, பக்கவாட்டில் சூப்பர் குளூ மெல்லிசாகப் பூசினால் தாங்கும் என்று தெரியும். கார்பெட்டில் டயரின் பிடிப்பு ஏறும்போது கார் கவிழ்வதும் அதனால் குறையும். சந்தேகம் பூசும் முறையில்தான். தண்ணீர் போல ஓடும் பசையா, கொஞ்சம் கெட்டியானதா? தரையைத் தொடும் பகுதிக்கு எவ்வளவு முன்னால் நிறுத்துவது? சூப்பர் குளூ ஈரத்தில்தான் இறுகும். எங்கள் ஊர்க் காற்றில் சட்டென்று இறுகி வெள்ளை பூத்துவிடுகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், டயரைக் கடைந்து விட்டத்தைக் குறைத்தால் பிய்வதும் குறையுமாம். அதற்கான மெஷின் எங்களிடம் இல்லை. கோவைப் பக்கம் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்தவர்கள் இருந்தால் எந்த அளவு வரை போனீர்கள் என்று சொல்லுங்கள். பிடிப்புக்குத் தடவும் மருந்தை ஓரம் வரை தடவலாமா, ஃபோம் இளகிவிடுமா?

"பார்த்து ஓட்டு" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.