வெங்காய வேர் நுனியில் செல் பிரிதல் தெரியவே இல்லை, உதவி வேண்டும்

கடலோர டீச்சர்

வணக்கம். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் பிளஸ் 1 பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வெங்காய வேர் நுனியில் மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் காட்ட வேண்டும். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் ஏமாற்றம்தான்.

செய்தது இதுதான். பல்லாரியின் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி பாட்டில் வாயில் உட்கார வைத்தேன். தண்ணீர் எங்கள் போர்த் தண்ணீர். நான்காம் நாள்தான் வேர் எட்டிப் பார்த்தது, அதுவும் குட்டையாக, முனை பழுப்பேறி. ஐந்தாம் நாள் கடைசிப் பீரியடில் வேரை வெட்டி, வாட்ச் கிளாஸில் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, நடுவில் ஒரு துண்டை எடுத்து ஸ்லைடில் வைத்து அழுத்தினேன். 10 எக்ஸ் லென்ஸில் செங்கல் அடுக்கியது மாதிரி நீள நீளமான கட்டங்கள். சிலவற்றில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. இன்னும் பெரிதாக்கிக் காட்டும் 45 எக்ஸுக்குப் போனால் மங்கல், ஃபோகஸே ஆகவில்லை. குரோமோசோம் ஒன்றுகூட இல்லை.

சாயம் போன வருடம் வாங்கியது. அதுதான் காரணமா? பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பதே இதுதான் முதல் தடவை. புத்தகப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

சாயத்தைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. உட்கரு சிவப்பேறியிருக்கிறதே, அப்படியென்றால் சாயம் பிடித்திருக்கிறது. 'நீள நீளமான கட்டங்கள்' என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அவை பிரிந்து முடித்து நீண்டுகொண்டிருக்கும் செல்கள். வேரின் நடுத்துண்டில் அவைதான் இருக்கும். பிரிகிற செல்கள் வேர்மூடிக்கு உடனே பின்னால், கடைசி 1 அல்லது 2 மில்லிமீட்டரில் மட்டும். அங்கே செல்கள் சிறியவை, சதுரமானவை, நெருக்கமானவை, உட்கரு செல்லில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும்.

எந்தத் துண்டு என்று அளக்க வேண்டியதில்லை. சாயத்திலிருந்து வேரை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். நுனி மட்டும் கருஞ்சிவப்பாக, மிளகாய் விதை அளவுக்கு ஒரு பொட்டாகத் தெரியும். மீதி வெளிர் ரோஜா நிறம்தான். அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் அமிலம் சேர்த்ததாகச் சொல்லவில்லை. 9 சொட்டு அசிட்டோகார்மைனுக்கு 1 சொட்டு 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அதில்தான் இளகும். இளகாத வேர் கட்டியாகவே நசுங்கும். விளக்கில் காட்டும்போது ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. 5 நிமிடம் சூடு, அப்புறம் மூடி ஒரு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

இன்னொன்று. அசிட்டோகார்மைனுக்கு இரும்பு பிடிக்கும். துளி இரும்பு சேர்ந்தால் குரோமோசோம் நிறம் அழுத்தமாகும் என்று காட்டி 1921-இல் ஜான் பெல்லிங் என்ற ஆய்வாளர் எழுதினார். நம் கடற்காற்றில் ஆய்வக ஊசியெல்லாம் துருப்பிடித்துத்தான் கிடக்கும். அந்த ஊசியாலேயே ஸ்லைடில் இருக்கும் சாயத்துளியை இரண்டு முறை கிளறுங்கள், போதும். அதிகமானால் சாயம் திரிந்து கசடு தட்டிவிடும்.

மண்டபம் லேப் அக்கா

டீச்சர், ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்கு முதலில் உறுத்தியது நான்காம் நாள் வேர் வந்தது என்றீர்களே, அதுதான். நல்ல தண்ணீரில் வெங்காயம் இரண்டு நாளில் வேர் விடும், மூன்றாம் நாள் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் போர்த் தண்ணீர் உப்பு. உப்பில் வேர் தண்ணீரை இழுக்கவே திணறும், நுனியில் செல் பிரிவதும் குறைந்துபோகும். பழுப்பு முனையைச் சீவிப் பார்த்து என்ன கிடைக்கும்?

நானும் இரண்டு வருடம் இதில்தான் அவதிப்பட்டேன். இப்போது காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் வாடை போக ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். குழாய் வராத நாளில் கடற்கரை மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர். நாம் குடிக்கிற ருசியில் இருந்தால் வெங்காயத்துக்கும் அது போதும். தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அழுகும். வெயிலில் வைக்காமல் பானைப் பக்கம் நிழலில் வையுங்கள்.

பல்லாரியை விடச் சின்ன வெங்காயம் எனக்கு வேகமாக வேர் விட்டது. அதற்கும் 16 குரோமோசோம்தான், பாடத்தோடு முரண்படாது.

வெட்டும் நேரமும் முக்கியம். கடைசிப் பீரியடில் வேண்டாம். நான் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டுவேன், அப்போதுதான் நிறைய செல் பிரிந்துகொண்டிருக்கிறது. வகுப்பு மதியம் என்றால் காலையிலேயே வெட்டி, 3 பங்கு ஆல்கஹாலும் 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த குப்பியில் போட்டுவிடுங்கள். செல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒரு ராத்திரி அதில் ஊறினால் இன்னும் நல்லது.

பரமக்குடி பயாலஜி

45 எக்ஸ் மங்கலுக்கு என் அனுபவம்: திசு தடிமனாக இருந்தால் அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மேலே தூக்கி நிற்கும், லென்ஸ் போதிய அளவு கிட்டே போக முடியாது. கவர் ஸ்லிப்பின் மேல் ஃபில்டர் தாளை மடித்து வைத்து, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். அப்புறம் கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். சரியாக வந்தால் அந்தப் பொட்டு, ஊதினால் பறக்கும் புகை மாதிரி பரவி நிற்கும்.

அதற்கும் மங்கல் போகவில்லையென்றால் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கடலோர ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். வெளியில் சாயம் பட்டிருந்தாலும் இதே மங்கல்தான் வரும். அந்தச் சாயம் லென்ஸ் தாளால் துடைத்தால் போய்விடும்.

கடலோர டீச்சர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, தெரிந்துவிட்டது!

குழாய்த் தண்ணீர், சின்ன வெங்காயம். மூன்றாம் நாள் காலை வெள்ளை வெளேரென்று வேர். எட்டரை மணிக்கு வெட்டிக் குப்பியில் போட்டு, மறுநாள் தண்ணீரில் அலசி, அமிலம் சேர்த்த சாயத்தில் சூடாக்கினோம். ஐயா சொன்ன கருஞ்சிவப்புப் பொட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு ஸ்லைடு தடிமன். மூன்றாவதில் 45 எக்ஸில் ஒரு செல், நடுக்கோட்டில் குரோமோசோம்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றில் இரண்டு கொத்தாகப் பிரிந்து இரண்டு முனைக்கும் போகின்றன, கைகள் பின்னால் இழுபட்டு, வி வடிவத்தில். நான் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை, பிள்ளைகள்தான் 'டீச்சர், நாங்க' என்று கூப்பிட்டார்கள்.

ஒரு மாணவி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். 'அது எப்ப டீச்சர் முழுசாப் பிரியும்? காத்திருக்கேன்' என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எப்படி விளக்குவது ஐயா? இன்னொரு கேள்வி, இந்த ஸ்லைடைச் செய்முறைத் தேர்வுவரை வைத்திருக்க முடியுமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

அந்தப் பிள்ளை கேட்டதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி அம்மா. அந்த செல் இனிப் பிரியாது என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். குப்பியில் போட்ட நொடியிலேயே அது உயிரை விட்டுவிட்டது. வலை இழுக்கும்போது கரையில் ஒரு போட்டோ எடுத்தால் ஒருவர் குனிந்திருப்பார், ஒருவர் நிமிர்ந்திருப்பார், ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த ஒரு படத்திலிருந்தே வலை இழுக்கும் வேலை முழுவதையும் அவளால் வரிசைப்படுத்த முடியும் இல்லையா? ஸ்லைடும் அப்படித்தான். குரோமோசோம்கள் திரளத் தொடங்கும் புரோஃபேஸ் ஒரு செல்லில், அவை நடுக்கோட்டில் வரிசை கட்டும் மெட்டாஃபேஸ் வேறொன்றில், இரண்டு முனைக்கும் பிரிந்து போகும் அனாஃபேஸ் இன்னொன்றில். வரிசையை நாம்தான் கட்டுகிறோம். 1880 வாக்கில் ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங்கும் சாயமேற்றிய செல்களைப் பார்த்து இப்படித்தான் வரிசை கட்டினார். மைட்டாசிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

ஒரு வேலையும் கொடுங்கள். 100 செல்களை எண்ணி, எந்தெந்த நிலையில் எத்தனை என்று எழுதட்டும். பெரும்பாலானவை இரண்டு பிரிதலுக்கு நடுவே உள்ள இடைக்கால நிலையில்தான் இருக்கும். எந்த நிலையில் அதிகம் செல் இருக்கிறதோ, செல் அதிக நேரம் செலவிடுவது அதில்தான் என்று அவளே சொல்லிவிடுவாள். கடைசி நிலையான டீலோஃபேஸ் கிடைத்தால் நடுவில் மெல்லிய கோடாகச் செல் தட்டு உருவாவதைக் காட்டுங்கள். விலங்கு செல் இடுப்பில் ஒடுங்கிப் பிரியும், தாவர செல்லில் இப்படிச் சுவர் எழும்பும்.

மண்டபம் லேப் அக்கா

ஸ்லைடு பற்றி: கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் நெயில் பாலிஷ் தடவினால் சில நாள் தாங்கும். தேர்வுவரை நான் நம்ப மாட்டேன். அதை விட, வெட்டிய நுனிகளை 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தேர்வன்று காலையில் சாயமேற்றிப் புதிதாக நசுக்குங்கள். குப்பியில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள் டீச்சர், மூடியை இறுக்கமாக மூடுங்கள், ஆல்கஹால் ஆவியாகி நுனி காய்ந்துவிட்டால் பயனில்லை.

கடலோர டீச்சர்

சரி அக்கா. 40 நுனி வெட்டிக் குப்பியில் போட்டாயிற்று. வலைப் படத்தை நாளைக்குக் கரும்பலகையில் வரையப் போகிறேன் ஐயா. எண்ணும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுக்கிறேன்.