கொஞ்சம் இரிங்க: கடையில் நின்றே வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்

தாமிரபரணிக்காரி:

பன்னிரண்டாவது முடித்த வருடம், 2007-இல், எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பெண்பிள்ளைகள் ஒரே ரயிலில் சென்னைக்கு ஏறினோம். தி.நகரில் பல மாடி ஜவுளிக்கடை. பெயர் இங்கே வேண்டாம். எனக்கு மூன்றாவது மாடியில் சுடிதார் துணி செக்‌ஷன். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் இரவு பத்தரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மெஸ்ஸுக்கு மாடி ஏறி இறங்குகிற நேரமும் அதற்குள்தான்.

உட்கார்ந்தால் ஃபைன். ரேக்கில் சாய்ந்து நின்றாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கீழ் ரேக்கில் துணி அடுக்குவது போல ஒருத்தி குத்தவைத்து உட்காருவாள், இன்னொருத்தி அவளை மறைத்துக்கொண்டு நிற்பாள். ஆளுக்கு இரண்டு நிமிடம். அதற்கு முறை உண்டு. காய்ச்சல்காரிக்கும் தூரமானவளுக்கும் கூடுதலாக ஒரு முறை கொடுப்போம். அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

இரவு ஹாஸ்டலில் படுத்ததும் எல்லோரும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வோம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வரிசையாகக் குதிகால் கறை இருக்கும். எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்களின் கறையும் அதில் சேர்ந்தே இருந்தது.

நான்கு வருடம் இருந்தேன். இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மிகப் பிடித்தது அந்த மெஷினுக்கு முன்னால் இருக்கிற என் நாற்காலிதான்.

உட்காருவதற்கு என்று பெண்கள் போராடிச் சட்டமே வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. கேரளத்தில் தொடங்கியதாம். அந்தப் பெண்களை நேரில் பார்த்தவர்கள், அவர்களைப் போல நின்றவர்கள், நிற்க வைத்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.


கோழிக்கோட்டில் இருந்தவன்:

அக்கா, நான் 2011 முதல் ஆறு வருடம் கோழிக்கோட்டில் வேலை பார்த்தேன். அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒன்று உண்டு. அல்வாவுக்குப் பேர்போன தெரு. துணிக்கடை, செருப்புக்கடை, ஃபேன்சி கடை என்று நெருக்கி நெருக்கி இருக்கும். கடைக்குள் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு துணிக்கடையில் இருந்த சேச்சி என் மனைவிக்கு நல்ல பழக்கம். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: அவர் வேலை பார்த்த கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் பக்கத்து ஹோட்டலுக்குப் போய், வேண்டாத ஒரு சாயாவை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அங்கே உள்ள கழிப்பறைக்குப் போக முடியும். சாயாவுக்குக் கைக்காசு. அந்தச் சாயா உள்ளே போனதால் மறுபடி இரண்டு மணி நேரத்தில் அதே அவசரம். அதனால் வீட்டிலிருந்து கிளம்பியதும் தண்ணீரே குடிக்க மாட்டாராம். சிறுநீர்த் தொற்று வந்து வந்து அவருக்கு அது பழகிப்போயிருந்தது. என் மனைவி அன்று இரவு வெகுநேரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவிலிருந்துதான் விஜி வந்தார். அவர் தையல்காரர். தலைவர் என்று யாரும் அவரை அங்கே அனுப்பி வைக்கவில்லை. 2009 வாக்கில் பெண்களைக் கூட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத பெயர், பாருங்கள். பெரிய தொழிற்சங்கங்கள் எத்தனையோ உள்ள ஊர் அது. ஆனால் கடையில் நிற்கும் பெண்ணுக்குச் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பது அதுவரை ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக ஆகவில்லை. இவர்கள்தான் அதை வெளியே சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், நடுத்தெருவில் நின்று, ஆண்கள் வேடிக்கை பார்க்க, ‘எங்களுக்கு மூத்திரம் போக இடம் வேண்டும்’ என்று சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்! நம்மில் பலர் வீட்டிலேயே அந்த வார்த்தையை முழுங்கித்தான் பேசுவோம்.

முதலில் கழிப்பறை. அப்புறம்தான் உட்காருவது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கமும் அமைத்தார்கள். 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பெண்கள் ஆறு பேர், சங்கத்தில் சேர்ந்ததற்காக வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டபோது, கடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி நடந்தது அந்தப் போராட்டம். ‘இரிக்கல் சமரம்’ என்றார்கள். சமரம் என்றால் அங்கே போராட்டம். உட்காரும் போராட்டத்தை உட்கார்ந்தே நடத்தினார்கள்.

நான் திருச்சூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பேருந்திலிருந்து அந்தப் பந்தலைப் பார்த்தேன். நான்கைந்து பெண்கள். வெயில். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை. கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். இறங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இடம் தர வேண்டும் என்று எழுதியது. அந்த வருடமே பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.


நாகர்கோவில் பிள்ளை:

எங்கள் ஊரில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் வார்த்தை ‘இரிங்க’ என்பதுதான். உட்காருங்கள் என்று அர்த்தம். அதே ஊரிலிருந்து போன பிள்ளைகள்தான் பல கடைகளில் பதிமூன்று மணி நேரம் நிற்கிறார்கள். ‘இரிக்கல்’ என்ற வார்த்தையைப் படித்ததும் எங்கள் பாட்டி திண்ணையில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது போல இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை, அக்கா.


செவிலியர், திருநெல்வேலி:

காலில் நரம்பு சுருண்டு புடைத்து வருபவர்களை எங்கள் அறுவைச் சிகிச்சை ஓ.பி.யில் வாராவாரம் பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்டால் ஹோட்டல் மாஸ்டர், பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடை. இதில் ஜவுளிக்கடைப் பெண்கள்தான் கடைசி நேரத்தில் வருகிறார்கள். புடவை மறைத்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தோல் கறுத்து, அரித்து, புண்ணாகி நீர் வடியத் தொடங்கிய பிறகுதான் வருவார்கள்.

நடந்தால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது நடக்காது, ரத்தம் கீழேயே தேங்கும். நாளாக நாளாக நரம்புக்குள் இருக்கும் வால்வு தளர்ந்துவிடும். அதனால் ‘கடைக்குள் நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள்’ என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, நாலடிக் கவுண்டருக்குள் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று நின்று பாருங்கள் என்பதுதான்.

ஒரு பெண்ணிடம், மணிக்கு ஒரு தடவையாவது ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்று சொன்னேன். ‘அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்க சிஸ்டர், கடையில காட்டணும்’ என்றார். டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கிக் கொடுத்தேன். உட்காருவதற்கு மருந்துச் சீட்டு! அந்தச் சீட்டை அவர் நான்காக மடித்துப் பர்ஸில் வைத்ததை நான் மறக்கவே இல்லை.


பழைய ஃப்ளோர் சூப்பர்வைசர்:

நிற்க வைத்தவர்களும் எழுதலாம் என்று தங்கச்சி சொன்னதால் எழுதுகிறேன். பதினொரு வருடம் அந்த வேலை பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபைன் எழுதியிருக்கிறேன். உட்கார்ந்ததற்கு, தங்களுக்குள் பேசியதற்கு, பாத்ரூமில் கூடுதல் நேரம் ஆனதற்கு. எனக்கு மேலே இருந்தவர் கேமராவில் பார்ப்பார், எனக்கு போன் வரும், நான் போய்ச் சத்தம் போடுவேன். நான் சத்தம் போடாவிட்டால் என் வேலை போகும் என்பது உண்மை. ஆனால் சில நாள் போன் வராமலேயே சத்தம் போட்டிருக்கிறேன். அதுவும் உண்மை.

ஆள் உட்கார்ந்திருந்தால் கடை டல்லாக இருப்பது போல வாடிக்கையாளருக்குத் தெரியும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த காரணம். அதை நம்பினேன். பிறகு என் மகள் நர்சிங் படிக்கும்போது பயிற்சிக்காக எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து, ‘அப்பா, காலைப் பிடிச்சு விடுங்க’ என்றாள். பிடித்துவிட்டேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடுங்கள்.


லண்டன் தமிழச்சி:

நான் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுண்டரில் இருக்கிறேன். எங்களுக்கு நாற்காலி உண்டு. முதல் நாள் ‘உட்காரலாமா?’ என்று கேட்டேன். பக்கத்துக் கவுண்டர் வயதான அம்மா சிரித்துவிட்டு, தன் பாட்டி ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கேயும் கடைப் பெண்கள் கடைக்காரரே நடத்திய விடுதியில்தான் தங்க வேண்டும். ஒரே அறையில் பல பேர், முதலாளி போடும் சாப்பாடு, இரவு இத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும், மீறினால் ஃபைன். தாமிரபரணிக்கார அக்கா எழுதியது அப்படியே இந்த ஊர்க் கதைதான்.

அதன்பிறகு தேடிப் படித்தேன். மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்று ஒருவர். பதினான்கு வயதில் துணிக்கடையில் சேர்ந்தவர். 1890-களில் சங்கத்தில் சேர்ந்தார். பெண் தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்த ஓர் அமைப்புக்காகக் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை எல்லாம் குறித்துக் கொடுத்தார். வேறு பெயரில் எழுதவும் செய்தார். 1899-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது: கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒன்று! அதற்கே அவ்வளவு பாடு. அந்த பாண்ட்ஃபீல்ட்தான் 1929-இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். தொழிலாளர் துறை.

நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அந்த வயதான அம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.


மதுரை, இப்போதும் கடையில்:

அக்கா, நான் இப்போது வேலையில் இருப்பவள். அதனால் கொஞ்சமாகத்தான் எழுதுவேன்.

நம் தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. 1947-ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெண்களுக்கு மட்டும் இல்லை, அண்ணன்களுக்கும் சேர்த்து.

எங்கள் கடையில் அதற்கப்புறம் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒவ்வொரு செக்‌ஷன் ஓரத்திலும் ஒன்று. வந்த நாளிலிருந்து அதன் மேல் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருந்தது. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரலாம் என்றும் சொல்லவில்லை. யார் முதலில் உட்காருவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம், அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்தவள் பெயர்தான் முதலில் மாட்டும் என்ற பயம்.

என் தம்பி கல்லூரியில் படிக்கிறான். அந்தச் சட்டப் பிரிவை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். நாங்கள் பை வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். ஒரு வாரம் எல்லோரும் பையை எடுக்கும்போதும் வைக்கும்போதும் படித்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. எங்கள் மாடியில் மூத்தவர் ஒரு அக்கா இருக்கிறார், இருபது வருட சர்வீஸ். ஆடித் தள்ளுபடி முடிந்த மறு வாரம், மதியம் மூன்று மணி, மாடியில் ஒரு வாடிக்கையாளர் இல்லை. அந்த அக்கா ஸ்டூல் மேலிருந்த கட்டை இறக்கி வைத்துவிட்டு, ‘வாங்கடி, எல்லாரும் உட்காருவோம்’ என்றார். உட்கார்ந்தோம். சூப்பர்வைசர் படியேறி வந்தார். பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்கே கேட்டிருக்கும். அவர் பில் கவுண்டர் வரை போய்விட்டு, அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

இப்போது மூன்றிலிருந்து நாலரை வரை முறை வைத்து உட்காருகிறோம். சீசனில் கிடையாது. அதையும் கேட்க வேண்டும்.


தாமிரபரணிக்காரி:

தங்கச்சி, இதைக் கடையில் வேலைக்கு நடுவே கையில் துணியோடு நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தேன், பிறகுதான் உட்கார நினைவு வந்தது. அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள்?


மதுரை, இப்போதும் கடையில்:

பதினொரு பேர் அக்கா. ஸ்டூல் நான்குதானே. மீதி ஏழு பேர் துணிக்கட்டு மேலே.