புதுப்பிப்பு: பாஸ் மீனுக்கு முதல் ராடு, ரீல் வாங்கியாச்சு
பாஸ் மீன் பிடிக்க முதல் தூண்டில் ராடும் (கம்பு) ரீலும் (லைன் சுத்தி வைக்கிற கருவி) வாங்கப்போறேன், ஸ்பின்னிங்கா (ராடுக்குக் கீழ தொங்குற ரீல், வீசும்போது லைன் சுத்தின ஸ்பூல் அசையாது) பெய்ட்காஸ்டரா (ராடுக்கு மேல உட்கார்ற ரீல், வீசும்போது ஸ்பூலே சுத்தும்) எது எடுக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்பின்னிங்தான் எடுத்தேன், 7 அடி மீடியம் பவர் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு (நடுத்தர பலம், பெரும்பாலும் நுனிப்பக்கம் வளையுறது), 2500 சைஸ் ரீல். பெய்ட்காஸ்டர்னா ஆரம்பத்துல லைன் சிக்கு எடுக்கவே பாதி நேரம் போயிடும்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, அதுதான் முடிவு பண்ண வச்சுது.

எதிர்பாராதது ஒண்ணு: பிரெய்டு லைனை (பல இழை பின்னின லைன்) வெறும் ஸ்பூல்ல நேரா சுத்திட்டேன், மீன் இழுத்தப்போ டிராக்கை (மீன் இழுக்கும்போது லைன் போறதைக் கட்டுப்படுத்துற பிரேக்) எவ்ளோ டைட் பண்ணியும் லைன் போயிக்கிட்டே இருந்துச்சு, ரீல் போச்சுன்னே நெனச்சேன், விரலால தள்ளிப் பாத்தா மொத்த லைனும் ஒரே கட்டா ஸ்பூல் மேல வழுக்கி சுத்துது! அடியில கொஞ்சம் மோனோ (ஒத்தை இழை நைலான் லைன்) சுத்தி அதோட பிரெய்டை முடிச்சுப் போட்டதும் சரியாயிடுச்சு.

நேத்து காலைல ரப்பர் புழுவுல முதல் லார்ஜ்மவுத் பாஸ் மாட்டுச்சு. மீன் கடிச்சது கையில ஒண்ணும் தெரியல, லைன் லேசா பக்கவாட்டுல நகர்ந்துச்சு, அவ்ளோதான்.